எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்காங்க?

தன் அம்மா எப்படி இருக்கிறார் என்று அவன் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. சாப்பிட்டாரா என்றும் கேட்டதில்லை. நான் போனைக் காதில் வைத்தவுடன் ஒரே கேள்விதான்.

"அக்கா, அம்மா எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்காங்க?"

ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. தேயிலைச் செடிகளைக் குட்டையாக்கிக் கவ்வாத்து வெட்டுகிற இடத்திலிருந்து கத்தியைக் கீழே போட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று கேட்பான். வாசலையா, அடுப்பையா, ஜன்னலையா, தொட்டிலையா என்று நான் சொல்ல வேண்டும். அந்த அம்மா எங்கே பார்க்கிறாரோ அடுத்த நிமிஷம் கால் அங்கேதான் போகும். அது அவன் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தான். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

அவன் பெயரை எழுதமாட்டேன். வட்டகொடைக்கு மேலே அதே தோட்டத்தில் இன்னும் இருக்கிறான். நான்தான் அங்கிருந்து வந்துவிட்டேன். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அவனைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். நானும் சொன்னேன், முகத்துக்கு நேரேயே. சொன்னவர்களில் ஒருத்தருக்காவது அவன் பார்த்த வேலையை ஒரு கிழமை பார்க்க முடியுமா? முடியாது. என்னாலும் முடியவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தவள். கொழுந்து பறிக்கிற பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். பால் குடிக்கிற பிள்ளைகளின் தாய்மார் பத்து மணிக்குக் கொழுந்து நிறுவை முடிந்ததும் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவார்கள். வாசலில் வேறு ஏதோ பெரிய பெயர் எழுதிப் பலகை மாட்டியிருந்தார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

அவன் எனக்குப் பக்கத்து வீடு. லயத்தில் பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அம்மாவுக்கு மறதி நோய் என்று அக்காமார் போன் பண்ண, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன் போகவில்லை. நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் இல்லை. அந்த அம்மாவைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, சீலை கட்டிவிடுவது, மலஜலம் எடுப்பது எல்லாம் அவன்தான். ஆண்பிள்ளை இதெல்லாம் செய்கிறானே என்று கிண்டல் பண்ண ஆட்கள் இருந்தார்கள்.

"என்னடா, இன்னைக்கி அம்மாவுக்கு என்ன கலர் சீல?" என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்து ஒருவன் கேட்டான்.

"நீலம். ஒங்க வீட்ல என்ன கலர்? தெரியாதுல்ல? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றான். அதற்குப் பிறகு அந்த ஆள் கேட்கவில்லை.

வாய் இருந்தது. ஆனால் பயமும் இருந்தது. தீப்பெட்டியை வீட்டில் வைக்கமாட்டான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான். அரிவாள்மனையை என் வீட்டில் வைத்திருந்தான். அம்மாவின் ரவிக்கைகள் எல்லாவற்றிலும் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி தைத்து, அதில் தன் போன் நம்பரை மை அழியாத பேனாவால் எழுதியிருந்தான். தேத்தண்ணியைத் தன் நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொடுக்கமாட்டான். சோறு தின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று மெல்லுவதை நிறுத்திவிடுவான். அம்மாவின் மூச்சைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தட்டுச் சத்தம் நின்றுபோகும். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மெல்லுவதை நிறுத்திவிடுவேன். ஏன் நிறுத்துகிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வரும். அந்தச் சுவர் வழியாக எல்லாம் வந்தது. பயமும் வந்தது.

டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு தரம் நானும் கூடப் போனேன். டொக்டர் சிங்களவர், நல்ல மனுஷன். அம்மாவைப் பார்த்ததைவிட இவனைத்தான் அதிகம் பார்த்தார். இவன் கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "பய வென்ன எப்பா" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். பஸ்ஸில் வரும்போது இவன் தனியாகச் சிரித்தான்.

"என்னடா சிரிக்கிற?"

"பயப்படாதன்னு வாயால சொல்லிட்டாருக்கா. மருந்துத் துண்டுல எழுதிக் குடுத்திருந்தா மருந்துக் கடையில வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்."

இன்னொரு தரம் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தாள். வீட்டில் நோயாளி வைத்திருக்கிறவர்களுக்கு மனசைச் சாந்தப்படுத்துவது எப்படி என்று வகுப்பு. கண்ணை மூடி, நாலு எண்ணும் வரை மூச்சை இழு, நாலு எண்ணும் வரை பிடித்து வை, நாலு எண்ணி விடு. எல்லாரும் செய்தோம். இவன் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தான்.

"கண்ண மூடுங்க அண்ணா" என்றாள் அந்தப் பிள்ளை.

"நாலு எண்ணுறதுக்குள்ள அவங்க ரோட்டுக்குப் போயிருவாங்க மிஸ்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மிஸ்ஸுக்கு அது புரிந்தது போல இருந்தது, முகம் மாறிவிட்டது.

அந்த அம்மா சும்மா திரிகிறவர் இல்லை. வேலைக்குப் போவார். அதுதான் வியாதி. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்த கை. காலையில் பெரட்டுக்குக் கொம்பு ஊதுகிற வழக்கம் எப்போதோ நின்றுவிட்டது, ஆனால் அவர் காதில் அது ஊதிக்கொண்டே இருந்தது. கிழிந்த சாக்கை இடுப்பில் படங்காகக் கட்டிக்கொண்டு, ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் வரிசையில் நிற்பார். பொம்பளைகள் சிரிப்பார்கள். இவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவான். ஒரு நாள் தண்டவாளத்தின் மேல் நடந்துகொண்டிருந்தவரை ரெயில்வேக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். அன்றைக்குத்தான் என்னிடம் வந்தான்.

"அக்கா, அம்மாவ ஒங்க காம்பராவுல விட்டுட்டுப் போறேனே."

"அது புள்ளைகளப் பாக்குற எடம் தம்பி. ஒங்கம்மாவுக்கு எழுவது வயசு."

"இப்ப அஞ்சு வயசுதாங்க்கா. சில நாளைக்கு மூணு."

"ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"தொட்டில் ஆட்ட வந்த ஆளுன்னு சொல்லுங்க. சம்பளம் வேணாம்னு சொல்லுங்க, ஒண்ணும் பேசமாட்டாங்க."

அப்படித்தான் நடந்தது. ஆபீசில் ஒன்றும் பேசவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அந்த அம்மா தொட்டில் ஆட்டினால் எந்தப் பிள்ளையும் தூங்கும். அவருக்கு மகன் பெயர் மறந்துபோயிருந்தது, பிள்ளை தூக்குகிற விதம் மறக்கவில்லை. கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குவார். நான் அந்த நேரத்தில் துணி அலசினேன், கஞ்சி காய்ச்சினேன், சில நாள் சும்மா உட்கார்ந்தேன். அவன் என்னை நம்பி அம்மாவை விட்டான். நான் அந்த அம்மாவை நம்பிப் பிள்ளைகளை விட்டேன். இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

போன் மட்டும்தான் தொல்லை. கை ஈரமாக இருக்கும்போது அடிக்கும். பிள்ளை வாந்தி எடுக்கும்போது அடிக்கும். முதல் இரண்டு மாதம் நான் உண்மையாகவே திரும்பிப் பார்த்துச் சொன்னேன். பிறகு பார்க்காமலே சொல்லத் தொடங்கினேன். தொட்டிலப் பாக்குறாங்க. சொவத்தப் பாக்குறாங்க. என்னையப் பாக்குறாங்க. எது வாயில் வந்ததோ அது.

"நெசமாவாக்கா?"

"இல்ல, பொய்யி. ஒங்கம்மா பறந்து போயிட்டாங்க. வேலையப் பாரு போ."

அவன் சிரித்துவிட்டு வைத்துவிடுவான். அந்தச் சிரிப்பில் அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மூச்சு வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் பொய் சொல்வது ஒரு உபகாரம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே பனிமூட்டம். காம்பராவின் வாசலில் நின்றால் பத்தடி தள்ளி இருக்கிற தண்ணீர்க் குழாய் தெரியாது. ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். அதில் சின்னது நாலு மாதப் பெண் குழந்தை, கீழ் லயத்துப் பிள்ளை ஒருத்தியின் தலைச்சன். நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்காங்கக்கா? இங்க ஒரே பனியா இருக்கு."

"தொட்டிலத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. ரெண்டு கண்ணாலயும்" என்றேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் தொட்டில். நாலு எட்டு வைத்தால் போதும். வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தையின் தாய் நிறுவை முடிந்து பால் கொடுக்க வந்தாள். "எங்கக்கா என் புள்ள?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். தொட்டில் சீலை தட்டையாகத் தொங்கியது. மூலையில் அந்த அம்மா உட்காருகிற சாக்கு இருந்தது, அம்மா இல்லை.

அவள் கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுதன. எப்படி அவனுக்குப் போன் பண்ணினேன் என்று ஞாபகம் இல்லை. கவ்வாத்து மலையிலிருந்து காம்பராவுக்கு இருபது நிமிஷ நடை. அவன் எவ்வளவு சீக்கிரம் வந்தானோ, முட்டியெல்லாம் சிராய்த்து ரத்தம். வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பனிக்குள் நாலு பக்கமும் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க?" என்றான். வழக்கமான கேள்விதான். குரல் மட்டும் வேறு.

"தெரியல."

"போன்ல சொன்னீங்களே."

"பாக்கலடா தம்பி. பொய் சொன்னேன்."

அவன் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே முக்கால். கொழுந்துக்காரர்கள் மலையில் நிற்கிற நேரம்.

"பதினொண்ணாம் நம்பரு" என்றான்.

அவன் அம்மா அவனிடம் பல தரம் சொன்ன கதை அது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் காம்பராவைப் பார்க்கிறவள் வரவில்லை. அம்மா அவனைச் சீலையில் சுற்றிப் பதினோராம் நம்பர் மலைக்குக் கொண்டுபோய், நிழல் மரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுக் கொழுந்து எடுத்தார். கங்காணி பார்த்துவிட்டு, யாரைக் கேட்டுப் பிள்ளையை மலைக்குக் கொண்டுவந்தாய் என்று அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார். அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம் போச்சு. அந்தக் கங்காணி கத்துகிற ஆள் இல்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லப் பேசுவாராம். அவர் பேசினால் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்களாம்.

பதினோராம் நம்பர் இப்போது மலை இல்லை, காடு. தோட்டம் அதைக் கைவிட்டு எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தேயிலை மரமாக வளர்ந்து, நடுவில் முள்ளும் கொடியும். குளவி அங்கேதான் கூடு கட்டும். அதற்கு முந்திய வருஷம் அந்த மலை ஓரத்தில் கொழுந்து எடுத்த பெண் ஒருத்தியைக் குளவி கொட்டி, படங்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தோம். முகம் யாருடையது என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

அவன் வெளியே வந்து, "கத்தாதீங்க" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொருத்தராகப் போய்த் தோளைப் பிடித்துச் சொன்னான். "குளவி கலைஞ்சா புள்ள போயிரும். கத்துனா அம்மா பயந்து ஒளிஞ்சிக்குவாங்க. யாரும் வராதீங்க. யாரும் கத்தாதீங்க." அந்தத் தாயால் நிறுத்த முடியவில்லை. அவன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவள் கையில் திணித்தான். "இத வாயில வச்சிக் கடிச்சிக்க தங்கச்சி. கடி." அவள் கடித்தாள். துவாய்க்குள்ளே கத்தினாள்.

"நீங்க வாங்க. புள்ளைய வாங்க ஒரு ஆள் வேணும்" என்று என்னைக் கூப்பிட்டான்.

பயந்தாங்கொள்ளிக்கு அன்று தைரியம் வந்துவிட்டது என்று பின்னால் லயத்தில் பேசினார்கள். பொய். நான் பக்கத்தில் நடந்தேன். அவன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இரண்டு தரம் நின்று வாந்தி எடுத்தான், மஞ்சள் தண்ணிதான் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தான். பழைய தண்ணீர்க் கான்கள் எல்லாம் புல் மூடிக் கிடந்தன, எங்கே கால் வைத்தாலும் முழங்கால் வரை இறங்கியது. அட்டை ஏறியது, தட்டிவிடக்கூட நிற்கவில்லை. எனக்கு முன்னால் பனி, பின்னால் பனி. அந்தக் குழந்தையின் அழுகுரல் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, ஐயோ அழுதால் குளவி கலையுமே, கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் கேட்டது கொழுந்து ஒடிக்கிற சத்தம். டக், டக், டக். அவ்வளவு வேகமாக ஒடிக்க இப்போது யாருக்கும் தெரியாது.

அவன் கையை நீட்டி என்னை நிறுத்தினான். பெரிய நிழல் மரம். தாழ்ந்த கிளையில் தன் சீலையின் முந்தானைப் பக்கத்தைக் கிழித்துத் தொட்டில் கட்டியிருந்தார். அதற்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, ஒரு சின்னக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அதே மரத்தில், தொட்டிலுக்கு ஒரு ஆள் உயரம் மேலே, அண்டா அளவுக்குக் கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல்தோல் அசைந்தது. எல்லாம் குளவி. அந்த அம்மா மரத்தடியில் நின்று, மரமாக வளர்ந்த தேயிலையின் கிளைகளை வளைத்து வளைத்துக் கொழுந்து எடுத்தார். அந்தக் கிளைகள் நிழல் மரத்தோடு பின்னிக் கிடந்தன. அவர் ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும் தொட்டில் ஆடியது. மேலே கறுப்பு நெளிந்தது.

"அம்மா" என்றான், மூச்சைவிட மெல்ல.

அவர் திரும்பிப் பார்த்தார். "யாருய்யா? சத்தம் போடாதீங்க. புள்ள தூங்குது."

"அம்மா, நான்தான். வீட்டுக்குப் போவோம் வாங்க."

"நிறுவைக்கு நேரமாச்சு. கொழுந்து இன்னும் காணாது" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிளையை இழுத்தார். அது பெரிய கிளை. மேலேயிருந்து நாலைந்து குளவிகள் கழன்று வட்டம் அடித்தன. ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து நின்று போனது. எனக்குக் கால் வழியாகச் சூடாக இறங்கியது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நனைந்துதான் நின்றேன்.

கிட்டே போய்க் கையைப் பிடித்தால் அவர் உதறுவார், கத்துவார். பெரட்டுக் களத்தில் பலதரம் அப்படி உதறியிருக்கிறார். அவனுக்கும் அது தெரியும். அவன் முதுகு நிமிர்ந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் தொண்டையிலிருந்து நான் ஒரு நாளும் கேட்காத ஒரு குரலில், மெல்லப் பேசினான்.

"ஏய். யாரக் கேட்டுப் புள்ளைய மலைக்குக் கொண்டாந்த?"

அந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. இழுத்த கிளையை அவர் விடவில்லை, மெல்ல மெல்ல மேலே கொண்டுபோய் விட்டார். தலையில் கிடந்த துணியை எடுத்து இடுப்பில் செருகினார். தலை குனிந்தது. எழுபது வயது உடம்பு, என் கண் முன்னால், இருபத்தைந்து வயதுப் பெண்ணின் பயத்தோடு ஒடுங்கியது.

"காம்பராவுல ஆயம்மா பாக்கலீங்க ஐயா" என்றார்.

அது எனக்கு எங்கே குத்தியது என்று சொல்லத் தேவையில்லை.

"புள்ளைய எடு. மெல்ல எடு. சத்தம் வரக்கூடாது."

எடுத்தார். கழுத்துக்கு அடியில் கை கொடுத்து, முடிச்சை ஒரு கையால் அவிழ்த்து, கிளை அசையாமல் எடுத்தார்.

"அந்தப் பொம்பளகிட்டக் குடு."

என் கையில் கொடுத்தார். குழந்தை சூடாக இருந்தது. வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டது. நான் அதை ரவிக்கையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பின்னால் பின்னால் நகர்ந்தேன்.

"அரைப் பேராக்கிப் போடாதீங்க ஐயா. ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு" என்றார் அந்த அம்மா.

"நட. திரும்பிப் பாக்காத."

நடந்தார். அவன் நாலடி பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண்களை ஓட்டிக்கொண்டு போகிற கங்காணி மாதிரியே நடந்தான். அவர் இரண்டு இடத்தில் தயங்கினார். இரண்டு தரமும் அந்தக் குரலைப் போட்டான். கானில் கால் தவறி அவர் முட்டி போட்டு விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கப் போனான், பாதியில் நின்றான். தூக்கினால் மகனாகிவிடுவான். மகன் பேச்சை அவர் கேட்கமாட்டார். "எந்திரி" என்றான். கண்ணீர் அவன் தாடையில் ஒழுகிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் காய்ந்து கிடந்தது. அந்த அம்மா தானாக எழுந்தார்.

கீழே வந்ததும் அந்தத் தாய் குழந்தையைப் பறித்துக்கொண்டு என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். சரியான அறை. ஆபீசிலிருந்து ஐயாமார் வந்து விசாரித்தார்கள். "என் தப்புங்க. நான்தான் பலவந்தமா அம்மாவ அங்க விட்டேன். அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க" என்றான் அவன். போனில் நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன், வேலை போகவில்லை. அந்த அம்மா இனிமேல் காம்பராப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, அவன் அம்மாவின் காலில் இருந்த அட்டைகளைப் பிடுங்குவதற்குக் குனிந்தான். அந்த அம்மா இரண்டடி பின்னால் போனார்.

"வேணாங்க ஐயா. நானே எடுத்துக்கிறேன்."

அன்றைக்குக் குழப்பத்தில் அப்படி என்று நினைத்தோம். மறுநாளும் அப்படித்தான். அடுத்த கிழமையும் அப்படித்தான். பெயரை மறந்திருந்தாலும் அது வரைக்கும் அவன் கை தன்னுடைய ஆளின் கை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது அவன் உள்ளே வந்தால் எழுந்து நின்றார். தலை வார விடவில்லை. சீலை கட்ட விடவில்லை. நான் போய்க் கட்டிவிட்டேன். அவர் என் காதில், "கங்காணி போயிட்டாராம்மா?" என்று கேட்பார். நான் போயிட்டார் என்பேன். அவன் வெளியே கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு மாதம் இருக்கும். கறி கொஞ்சம் எடுத்துக்கொண்டு மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கை நடுக்கம் இல்லை. பக்கத்தில் தீப்பெட்டி கிடந்தது.

"இப்ப எனக்குப் பயமில்லக்கா" என்றான். "பூட்டுக்கூட வேணாம். எங்கயும் போகமாட்டாங்க. நிக்கச் சொன்ன எடத்துல நிக்கிறாங்க."

உள்ளே பார்த்தேன். அந்த அம்மா சுவரோரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். சோற்றுத் தட்டு பெஞ்சில் தொடாமல் இருந்தது.

"நீங்க வேணா பாருங்க" என்று எழுந்து உள்ளே போனான். "ஒக்காருங்கம்மா. சாப்பிடுங்க."

அவர் அசையவில்லை.

"அம்மா" என்றான்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாரைக் கூப்பிடுகிறான் என்று. பின்னால் சுவர்தான் இருந்தது.

அவன் என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டினான்.

"ஒக்காரு. தின்னு."

அந்த அம்மா உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வேகவேகமாக, ஒரு பருக்கை கீழே சிந்தாமல் தின்று முடித்தார்.